அச்சு மட்டும் போதுமா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

சவுத்தாம்ப்டனில் கப்பல் பொறியியல் படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததும் முதலில் உன் அண்ணியிடம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம். ஆனால் கடிதத்தின் கடைசியில் நீ கேட்ட கேள்வி இரண்டு வாரமாக மனதை விட்டுப் போகவில்லை. "ஏராவே (படகின் அடியில் தொங்கும் கனமான பாகம்) பிய்ந்து போன படகைக் கட்டிய கம்பெனி அது. 2018இல் மூடினார்களே, அப்படியே விட்டிருக்கலாமே அண்ணா, எதற்கு மறுபடி திறந்தார்கள்?" என்று இங்கிலாந்தில் பாய்மரப் படகு கட்டும் ஆய்ஸ்டர் கம்பெனியைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பதிலை இங்கே பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படகு. பொலினா ஸ்டார் த்ரீ, ஆய்ஸ்டர் 825 வகை, எண்பது அடிக்கு மேல் நீளம். 2015 ஜூலையில் ஸ்பெயின் கரைக்கு அப்பால் மூழ்கியது. ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். ஏரா கழன்றபோது அதைத் தாங்கியிருந்த அடிப்பகுதியும் சேர்ந்து பிய்ந்து போயிருந்தது. அந்தப் படகின் உள் சட்டகத்தைக் கட்டிய முறையில் பலவீனம் இருந்திருக்கலாம் என்று கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது.

இந்த உள் சட்டகம் என்பதை நீ பாடத்தில் கணக்காகப் பார்ப்பாய். நான் கையால் பார்த்திருக்கிறேன். பாயில் காற்று தள்ளும்போது படகு ஒரு பக்கம் சாய்கிறது. அடியில் தொங்கும் பல டன் ஏரா அதை நிமிர்த்தப் பார்க்கிறது. அந்த இழுப்பு முழுவதும் ஏராவின் போல்ட்டுகள் வழியாக அடித்தட்டுக்கு வருகிறது. ஒரு சின்ன இடத்தில் வந்து இறங்கும் அந்தப் பாரத்தைப் படகு முழுக்கப் பரப்பிக் கொடுப்பதுதான் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய சட்டகத்தின் வேலை. அது ஏற்கெனவே இறுகிவிட்ட ஃபைபர்மேல் ஒட்டப்படுவது. ஒட்டும் இடத்தை நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். மெழுகோ தூசியோ ஈரமோ இருக்கக் கூடாது. ரெசின் என்ற பிசின் கண்ணாடி இழைப் பாயை முழுக்க நனைக்க வேண்டும், ரோலரால் காற்றுக் குமிழியை ஓட்டி வெளியேற்ற வேண்டும். இதில் எதை விட்டாலும் மேலே பெயின்ட் அடித்த பிறகு ஒன்றுமே தெரியாது. கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும்.

சரி, கம்பெனி கதைக்கு வருகிறேன். ரிச்சர்ட் மேத்யூஸ் 1973இல் தொடங்கியது ஆய்ஸ்டர். உலகத்தைச் சுற்றி வர நினைக்கும் பணக்காரர்களுக்கான படகு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர் 2008இல் விற்றார். 2012இல் மறுபடி கைமாறி ஒரு டச்சு முதலீட்டு நிறுவனத்திடம் போனது. 2018 பிப்ரவரியில் அந்த நிறுவனம் இனிப் பணம் போட மாட்டேன் என்று கைவிரித்தது. விபத்தின் பின்விளைவுகளும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன. ஆர்டர் இல்லாமல் மூடவில்லை தம்பி, பட்டறையில் பாதி கட்டிய படகுகள் நின்றுகொண்டிருந்தன. பெரிய படகுக்கு வாங்குபவர் தவணை தவணையாக முன்பணம் கட்டுவார். கம்பெனி திவாலானால் அந்தப் பணமும் அந்தப் பாதிப் படகும் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும். நார்ஃபோக்கில் ராக்ஸம் என்ற ஊரிலும், நீ போகும் சவுத்தாம்ப்டனிலும் நூற்றுக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அடுத்த மாதமே ரிச்சர்ட் ஹடிடா என்பவர் வாங்கினார். ஆன்லைன் சூதாட்டத்துக்கு மென்பொருள் செய்யும் தொழிலில் சம்பாதித்தவர். அந்தப் பணத்தைப் பற்றி உனக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் உண்டு, அது இருக்கட்டும். என் கண்ணில் பட்டது அந்த வேகம்தான். சில வாரங்களுக்குள் திறந்ததால் ஆட்களைத் திரும்பக் கூப்பிட முடிந்தது. ஒரு வருடம் கழித்து வாங்கியிருந்தால் படகை வார்க்கும் அச்சுகள் இருந்திருக்கும், ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

இதை நான் ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு நம் கரையோரம் முழுக்க ஃபைபர் படகுப் பட்டறைகள் முளைத்தன அல்லவா, நான் ரோலர் பிடிக்கக் கற்றது அப்படி ஒன்றில்தான். நிவாரணப் பணம் நின்றதும் அதுவும் நின்றது. அச்சுகளை உடைமரத்தடியில் கவிழ்த்துப் போட்டோம். நாலு மழைக்காலம் கழித்து ஒருவர் வந்து வாங்கிப்போய்ப் படகு போட்டார். அதே அச்சு, அதே அளவு. முதல் படகின் அடியில் ஆறே மாதத்தில் கொப்புளம். எங்கள் மேஸ்திரி ரெசின் கலக்கும் முன் வானத்தைப் பார்ப்பார், காற்றில் ஈரம் இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை என்பார். அதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர் அப்போது கேரளாவில் தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தார்.

அமெரிக்காவில் பசிஃபிக் சீகிராஃப்ட் கதையையும் படித்துப் பார். கலிஃபோர்னியாவில் 1970களில் தொடங்கியது. கிரீலாக் 37 என்ற அவர்கள் படகு நெடுங்கடல் போகிறவர்களிடையே பெரிய பேர் வாங்கியது. 2007இல் மூடி ஏலத்துக்கு வந்தது. ஸ்டீஃபன் பிரோடி என்பவர் வாங்கி, அச்சுகளை நாட்டின் இன்னொரு கரைக்கு, வட கரோலினாவுக்குக் கொண்டுபோனார். அச்சு லாரியில் ஏறும். கலிஃபோர்னியாவில் இருபது வருடம் வேலை செய்தவர் எல்லோரும் குடும்பத்தோடு ஏறுவார்களா? அங்கே கைகளைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்திருக்கும். அதனால்தான் அந்த வேலையை நான் மதிக்கிறேன், ஆய்ஸ்டரைத் திறந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

ஆக, உன் கேள்விக்கு என் பதில்: திறந்தது சரிதான். மூடியிருந்தால் அந்தத் தப்பு எங்கே நடந்தது என்று அறிந்தவர்களும் கலைந்து போயிருப்பார்கள். ஏற்கெனவே கடலில் ஓடிக்கொண்டிருக்கும் படகுகளும் இருக்கின்றன. 2022 ஜனவரியில் கரீபியன் தீவான ஆன்டிகுவாவிலிருந்து ஆய்ஸ்டர் படகு வைத்திருப்பவர்கள் கூட்டமாகக் கிளம்பி உலகைச் சுற்றி 2023இல் திரும்பினார்கள். நடுக்கடலில் ஒன்று உடைந்தால் கட்டியவனைக் கூப்பிட ஒரு போன் நம்பர் வேண்டாமா?

ஆனால் நீ கோபப்பட்டதும் சரி. அந்தக் கோபத்தைப் படிப்பு முடியும்வரை விட்டுவிடாதே. ஏராவைத் தாங்கும் இடத்தை வரையும் போதெல்லாம் உள்ளே ஒரு ஆள் குனிந்து ரோலர் போட இடம் இருக்கிறதா என்று பார். கை நுழையாத மூலையில் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒட்டு நிற்காது.

போய்ச் சேர்ந்து குளிர் கொஞ்சம் பழகியதும் ஒரு நாள் ராக்ஸத்துக்கு ரயில் ஏறு. பட்டறைக்குள் விடுவார்களோ என்னவோ, வாசலில் டீ குடிக்க வருகிறவர்களிடமாவது பேசு. 2018க்கு முன்பிருந்தே அங்கே லேமினேஷன், அதாவது ஃபைபரை ரெசினில் நனைத்து அடுக்கும் வேலை, செய்கிறவர் யாராவது அகப்பட்டால், ஈரமான நாளில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்காகக் கேட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்