கேஸ் ட்ரபிள்னு சொன்னது பொய் கண்ணு

கண்ணு,

போன்ல சொன்னா நீ அழுவ, அதான் கடையில உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா திருத்தி படிச்சுக்கோ. தை மாசம் ரெண்டு நாள் நான் போன் எடுக்கலையே, அப்பாவுக்கு கேஸ் ட்ரபிள்னு அம்மா சொன்னாளே, அது கேஸ் இல்ல, அட்டாக். அடைச்ச ரத்தக்குழாய் மூடாம இருக்க ஸ்டென்ட்னு ஒரு சின்ன வலைக்குழாய் வச்சாச்சு, இப்ப நல்லா இருக்கேன், பதறாத.

ஆனா அது அன்னிக்கு திடீர்னு வந்ததில்ல. ஐப்பசியிலயே ஆரம்பிச்சுருச்சு. கடையில இருந்து வீட்டுக்கு ஏறுற மேட்டுல பாதி வந்தா நெஞ்சு நடுவுல கல்ல வச்சு அமுத்துற மாதிரி இருக்கும், வலின்னும் சொல்ல முடியாது, ஒரு அடைப்பு. அந்த சில்வர் ஓக் மரத்தை புடிச்சுகிட்டு ரெண்டு நிமிஷம் நின்னா போயிரும். யாராச்சும் பாத்தா என்ன நினைப்பாங்கன்னு மரத்துல ஏறுன மிளகுக்கொடியில சரம் எப்படி புடிச்சிருக்குன்னு பாக்கறவனாட்டம் நிப்பேன். இறங்கறப்ப ஒண்ணும் வராது. வயசாச்சுன்னு விட்டுட்டேன். ஏறறப்ப இதயத்துக்கு ரத்தம் அதிகமா வேணும், ரத்தக்குழாய் சுருங்கி இருந்தா அது பத்தாது, அதான் அடைக்குது, ஆஞ்சைனான்னு பேராம். "ஏற்காட்டுக்காரங்களுக்கு ட்ரெட்மில் டெஸ்ட் வாசல்லயே இருக்கு, ரிசல்ட்ட மட்டும் யாரும் எடுத்துட்டு வரமாட்டேங்கறீங்க"ன்னு டாக்டர் சிரிச்சாரு, ஓடற பெல்ட் மேல நடக்க விட்டு இதயத்தை பாக்கற டெஸ்ட்டாம் அது, எனக்கு சிரிப்பு வரல.

அன்னிக்கு விடியக்காலம் படுத்திருக்கறப்பவே வந்துச்சு, நின்னாலும் போகல. அந்த குளிர்ல பனியன் நனைஞ்சு போச்சு, இடது கையும் தாடையும் மரத்துப்போன மாதிரி கனம். நான் என்ன பண்ணேன்? ஓமத்தண்ணி குடிச்சேன், அப்புறம் சோடா, ஏப்பம் வந்துச்சா சரியாயிரும்னு ஒன்றரை மணி நேரம் முட்டாளாட்டம் உக்காந்திருந்தேன். அம்மாதான் பக்கத்து வீட்டு ஜீப்ப எழுப்பினா. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஈசிஜி பாத்த உடனே நர்ஸம்மா உள்ளங்கையில 14 மாத்திரைய கொட்டி ஒரே மடக்குல முழுங்க சொன்னாங்க, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பு மாத்திரை, இதயம் காப்போம் திட்டத்துல குடுக்கறதாம். அப்புறம் 108ல 20 கொண்டை ஊசியும் இறங்கி சேலம். ஒவ்வொரு வளைவுலயும் அம்மா என் கால புடிச்சுகிட்டே வந்தா.

குழாய்ல படிஞ்ச கொழுப்பு வெடிச்சு, அதுமேல ரத்தம் உறைஞ்சு அடைச்சுருச்சாம். மணிக்கட்டு வழியா மெல்லிசா ஒரு டியூப விட்டு அடைப்ப திறந்தாங்க, நான் முழிச்சுகிட்டேதான் இருந்தேன். அடைச்ச நேரம் பூரா இதயத் தசை செத்துகிட்டே இருக்குமாம், செத்தது திரும்ப வராது. எக்கோன்னு இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன்ல என் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் வெளிய தள்ளற ரத்தம், 45 சதவீதம், சாதாரணமா 55க்கு மேல இருக்கணும். அந்த சோடாவுக்கு நான் குடுத்த விலை அது.

பீடி விட்டாச்சு. அப்பளம், கருவாடு எல்லாம் அம்மா ஒளிச்சு வச்சிருக்கா, எங்கன்னு எனக்கு தெரியும், எடுக்கறதில்ல. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை, ஒரு வருஷத்துக்கு நடுவுல நிறுத்தவே கூடாதுன்னுட்டாங்க, நிறுத்துனா ஸ்டென்ட்டுக்குள்ளயே அடைச்சுக்குமாம். பல்லு புடுங்கணும்னு நானா ரெண்டு நாள் விட்டதுக்கு டாக்டர்கிட்ட வாங்குன திட்டு இருக்கே!

இப்ப உன் விஷயம். எனக்கு வயசு 52. அப்பனுக்கு 55க்குள்ள வந்தா அது பிள்ளைங்க கணக்குலயும் சேரும்னு சொன்னாங்க, பொண்ணாச்சேன்னு விடாதாம். தீபாவளிக்கு வந்தப்ப ஆபீஸ் கேம்ப்ல பிபி 146க்கு 94னு சொல்லிட்டு டென்ஷன்னு சிரிச்சல்ல, நானும் சேந்து சிரிச்சேன். 140க்கு 90க்கு மேல மறுபடி மறுபடி வந்தா அது பிபிதான் கண்ணு, வலிக்காது, ஒண்ணும் காட்டாது. கொழுப்பு, சுகர் ரெண்டும் சேத்து பாத்துரு. பொம்பளைங்களுக்கு சில நேரம் நெஞ்சு வலியே இல்லாம மூச்சு வாங்கறது, குமட்டல், முதுகு வலி, ஒரேடியா அசதின்னு வருமாம், நம்ம வீட்டு பொம்பளைங்க இதெல்லாத்தையும் வேலை ஜாஸ்தின்னு சொல்ற ஆளுங்க.

சனிக்கிழமை லீவுதான உனக்கு, காலையில சாப்பிடாம போய் ரத்தம் குடுத்துட்டு வா. ரிப்போர்ட்ட போட்டோ புடிச்சு எனக்கு மட்டும் அனுப்பு, அம்மா போனுக்கு வேணாம். உங்கிட்ட சொல்லிட்டேன்னு அவளுக்கு இன்னும் தெரியாது.

அப்பா