கால் கூசிய இடம்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மாடியேறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பேத்திக்குக் காது குத்திய படத்தை மறக்காமல் அனுப்பு.

போன சனிக்கிழமை மகன் என்னை நியூயார்க்கில் கறுப்பினத்தார் நிறைய வாழும் ஹார்லெமுக்குக் கூட்டிப்போனான். 135-ஆம் தெரு முனையில் ஷாம்பர்க் நூலகம். ஆர்ட்டுரோ ஷாம்பர்க் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பினத்தாருக்கு வரலாறே கிடையாது என்று சின்ன வயதில் ஓர் ஆசிரியர் சொன்னாராம். மனிதர் ஆயுள் முழுக்கக் கறுப்பினத்தாரின் புத்தகமும் கையெழுத்துப் பிரதியும் ஓவியமுமாகத் தேடித்தேடிச் சேர்த்தார். 1926-இல் கார்னகி அறக்கட்டளையின் 10,000 டாலரில் அத்தனையும் இந்த நூலகத்துக்கு வந்தது.

உள்ளே போனதும் தரையில் பெரிய வட்டம், பித்தளைக் கோடுகள் நதி மாதிரி வளைந்து ஓடுகின்றன. அதன் அடியில் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி இருக்கிறது என்றான் மகன். எனக்குக் கால் கூசிவிட்டது, ஓரமாய் ஒதுங்கினேன். ஆனால் 1991-இல் இதைத் திறந்தபோது கறுப்பின எழுத்தாளர்கள் மாயா ஏஞ்சலோவும் அமிரி பராக்காவும் இதன்மேலேயே ஆடினார்களாம். அதைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. அவருக்கு அதுதான் மரியாதை என்று தோன்றியது.

பிப்ரவரி இங்கே கறுப்பின வரலாற்று மாதம். கறுப்பின எழுத்தாளர்களை ஊர்கூடி வாய்விட்டு வாசிக்கும் வழக்கத்தை ஆசிரியர்கள் 1990-இல் தொடங்கி வைத்தார்கள். எங்கள் பேட்டை நூலகத்திலும் உண்டு. அங்கே ஒரு சிறுமியைப் பார்த்தேன். பின்னல் நுனியெல்லாம் மணி கோத்திருந்தது. படக்கதையில் இருந்த பெண்ணுக்கும் அதே பின்னல். படத்தை ஒருதரம், தன் மணிகளை ஒருதரம் என்று தொட்டுக்கொண்டே கதை கேட்டது அந்தக் குழந்தை.

இந்தப் படமும் சும்மா வந்ததில்லை சாந்தி. அகஸ்டா பேக்கர் என்ற அம்மா 1937-இல் அதே 135-ஆம் தெரு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு நூலகராக வந்தபோது, கதைப் புத்தகங்களில் கறுப்பினப் பிள்ளைகளைப் பெரும்பாலும் கேலிச்சித்திரமாகத்தான் வரைந்திருந்தார்கள். நல்லதாக இருந்த கொஞ்சத்தைப் பொறுக்கித் தனியாகத் திரட்டியவர் அவர். இத்தனை வருஷம் வகுப்பெடுத்த நாம், பாடப்புத்தகத்தில் எந்தப் பிள்ளையின் முகம் இல்லை என்று ஒருநாளாவது புரட்டிப் பார்த்தோமா? அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அடுத்த வாரம் என்னையும் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஹியூஸ் 1921-இல் வெளியிட்ட நதிக் கவிதையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். யூப்ரடீஸ், காங்கோ, நைல், மிசிசிப்பி... நாலு பெயரும் நாக்கில் பழகும்வரை அடுக்களையில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

பதில் போடு.

உன்,
மங்கை