கோயில் மணிக்கு 1.40, பம்பைக்கு 0.69

தர்மபுரி

அன்புள்ள கண்ணுக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய மாரியம்மன் பாட்டைக் கேட்டேன். மெட்டும் நடையும் நன்றாக வந்திருக்கின்றன. கோயில் மணியில் தகரச் சத்தம் வருகிறது, பம்பையில் அடி விழவில்லை, மேல் ஸ்தாயியில் ஏதோ கரகரக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். மூன்றும் உண்மை, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ரிவெர்பும் (எதிரொலி) ஈக்யூவும் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது) போட்டு மூடப் பார்க்காதே. ஒலி பிறக்கிற இடத்திலேயே திருத்து.

உன் சின்தசைசர் மென்பொருளான டெக்ஸெட்டில் இருக்கும் ஆயத்த ஒலிகளை இப்போதைக்கு விட்டுவிடு. இனிட் கொடுத்து வெறும் சைன் அலையிலிருந்து தொடங்கு. ஓர் ஆபரேட்டர் என்பது ஒரு சைன் அலையும் அதற்கு ஒரு என்வலப்பும்தான் (அலை எழுந்து அடங்கும் வளைவு). ஆபரேட்டர் இரண்டு வேலை செய்யும்: கேரியராக இருந்தால் காதுக்கு வரும். மாடுலேட்டராக இருந்தால் காதுக்கு வராது, கேரியரின் அதிர்வெண்ணை ஆட்டும். வினாடிக்கு ஐந்தாறு முறை ஆட்டினால் சுருதி அசைவது தெரியும். நூற்றுக்கணக்கான முறை ஆட்டினால் அசைவு மறைந்துபோய்ப் புதிய அதிர்வெண்கள் கேட்கும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டது இதைத்தான். இதற்குப் பெயர் எஃப்எம். 1973-ல் கட்டுரையாக எழுதினார். 1983-ல் யமஹாவின் டிஎக்ஸ்7 சின்தசைசர் வந்தது: 6 ஆபரேட்டர், அவற்றை இணைக்க 32 அல்காரிதம். டெக்ஸெட் அந்தப் பெட்டியைப் பின்பற்றித்தான் செய்யப்பட்டது.

இனி மணி. உன் பேட்சில் (ஒலி அமைப்பில்) மாடுலேட்டரின் விகிதம் 3.00, அதாவது நோட்டின் மூன்று மடங்கில் நிற்கிறது. முழு எண் விகிதம் வைத்தால் பிறக்கிற அதிர்வெண்கள் எல்லாம் ஒரே ஆதாரத்தின் மடங்குகளாக அடுக்கி நிற்கும். அது ஆர்மோனியம், முகவீணை பக்கம் போகுமே தவிர மணிக்கு வராது. சௌனிங் மணிக்குச் சொன்னது கேரியர் 200 ஹெர்ட்ஸ், மாடுலேட்டர் 280. மேலே 480, 760, 1040 என்று பிறக்கும். கீழே 200-லிருந்து 280-ஐக் கழித்தால் மைனஸ் 80, அது 80 ஹெர்ட்ஸாகவே திரும்பி வரும். அடுத்தது 360, அதற்கடுத்தது 640. இவற்றில் எது ஆதாரம் என்று காது முடிவுகட்ட முடியாமல் தவிப்பதுதான் உலோக ஒலி.

அல்காரிதம் 5-ஐ எடு. அதில் மூன்று ஜோடிகள்: 2 ஆட்ட 1 ஒலிக்கும், 4 ஆட்ட 3, 6 ஆட்ட 5. விகிதத்தின் முழு எண் கோர்ஸ், நுண் திருத்தம் ஃபைன். ஆபரேட்டர் 1-ல் கோர்ஸ் 1, ஃபைன் 0. ஆபரேட்டர் 2-ல் கோர்ஸ் 1, ஃபைன் 40, அதாவது 1.40. அது எவ்வளவு ஆட்டும் என்பதைச் சொல்லும் அவுட்புட் லெவலை 85-ல் தொடங்கு. இந்த எண் சீராக ஏறாது. சுமார் 8 படி ஏற்றினால் ஆட்டம் இரு மடங்காகும். அதனால் ஒவ்வொரு படியாக நகர்த்து.

விகிதத்தை மட்டும் மாற்றினால் தகரம் போகாது. உன் மாடுலேட்டரின் என்வலப் தேயாமல் ஒரே மட்டத்தில் கிடக்கிறது, அதுதான் பெரிய கோளாறு. மணியை அடித்ததும் முதலில் அடங்குவது மேல் ஒலிகள், கடைசிவரை நிற்பது அடிநாதம். அதனால் மாடுலேட்டர் கேரியருக்கு முன்பே தேய வேண்டும். எஃப்எம்மில் நேரமெல்லாம் போக வேண்டியது இந்த ஒரு வளைவுக்குத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். விகிதம் ஒரு நிமிட வேலை, வளைவுக்கு ஒரு சாயங்காலமே போகும்.

என்வலப்பில் நான்கு லெவல்களும் (உயரம்), அவற்றை எட்டும் நான்கு ரேட்களும் (வேகம்) இருக்கும். இரண்டு ஆபரேட்டரிலும் ரேட் 1-ஐ 99, லெவல் 1-ஐ 99 வை. மற்ற லெவல்கள் 0. கேரியரில் ரேட் 2, 3, 4 மூன்றும் 25, மாடுலேட்டரில் 35. இங்கே எண் கூடினால் வேகம் கூடும். எண் கூடினால் நேரம் கூடுகிற ஏடிஎஸ்ஆர் வகை என்வலப்பில் பழகி வருகிறவர்கள் இதைத் தலைகீழாக வைத்துவிடுவார்கள். ரேட் 4-ஐ 99-லேயே விட்டால் விரலை எடுத்ததும் மணி பட்டென்று அறுந்துவிடும். நிஜ மணியின் ரீங்காரத்துக்கு 3, 4 ஜோடியில் இதே அமைப்பை நகலெடுத்து, டீட்யூனை (சிறு சுருதி விலகலை) ஆபரேட்டர் 1-க்கு மைனஸ் 3, ஆபரேட்டர் 3-க்கு பிளஸ் 3 என்று பிரி. வார்ப்பு எங்கும் ஒரே கனமாக இருப்பதில்லை. அதனால் மணியில் நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் மோதி அலையடிக்கும். மூன்றாம் ஜோடி நாக்கு மோதும் சத்தத்துக்கு: ஆபரேட்டர் 6-ல் ஃபீட்பேக் (தன்னைத் தானே ஆட்டுவது) 7, தேய்வு மிக வேகம், லெவல் கொஞ்சமாக.

பம்பைக்குத் தனி பேட்ச் வை, மணியோடு சேர்க்காதே. மர முரசு ஒலிக்கு சௌனிங்கின் அளவு கேரியர் 80-க்கு மாடுலேட்டர் 55. டெக்ஸெட்டில் மாடுலேட்டரின் கோர்ஸை 0-வுக்கு இறக்கினால் 0.50, ஃபைன் 38 வைத்தால் 0.69. லெவல் நன்றாக உயரட்டும், ஆனால் அந்த ஆட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் அடங்கிவிட வேண்டும். நீளமாக விட்டால் அடி போய் உறுமல் வந்துவிடும். பிட்ச் என்வலப்பில் லெவல் 1 மட்டும் 60, மற்றவை 50, ரேட்கள் எல்லாம் 90-க்கு மேல்: தோல் இழுபட்டுத் தளர்வது கேட்கும். பம்பையில் இரண்டு உருளைகள் இருப்பதால் இரண்டாவது ஜோடியைக் கொஞ்சம் உயர்ந்த சுருதியில், 1.40 விகிதத்தில் வை.

கீ வெலாசிட்டியை (அடியின் வேகத்துக்கு ஒலி இணங்கும் அளவை) மாடுலேட்டரில் 5, கேரியரில் 2 வை. கேரியருக்கு மட்டும் கொடுத்தால் சத்தம்தான் ஏறி இறங்கும், எல்லா அடியும் ஒரே அடியாகவே கேட்கும். மெதுவாக அடித்தால் மந்தமாகவும் ஓங்கி அடித்தால் கூர்மையாகவும் வருவது மாடுலேட்டரால்தான்.

இன்னொன்று. இந்தப் பாட்டு நம் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கரில்தான் ஒலிக்கும். அதில் 80 ஹெர்ட்ஸ் வராது. 400 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை பம்பையில் போதுமான சரக்கு இருக்கிறதா என்று, 300-க்குக் கீழே வெட்டிவிட்டுக் கேட்டுப் பார். அடி காணாமல் போனால் மாடுலேட்டரை நாலைந்து படி ஏற்று.

மேல் ஸ்தாயி கரகரப்பு, நீ பியானோவுக்கு வைத்த 14.00 விகிதத்தால் வருவது. நோட்டு 1000 ஹெர்ட்ஸ் என்றால் மாடுலேட்டர் 14,000. மேல் பக்கம் பிறக்கும் முதல் அதிர்வெண் 15,000, அடுத்தது 29,000. உன் ப்ராஜெக்ட் வினாடிக்கு 44,100 மாதிரிகளில் ஓடுவதால், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே இடமில்லை. அந்த 29,000 மடங்கி 15,100-ஆக இறங்கி 15,000-த்தோடு உரசுகிறது. வேண்டிய ஒலிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிடுவதால் பிறகு எந்த ஈக்யூவாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. மாடுலேட்டரின் லெவல் ஸ்கேலிங்கில் வலது பக்கத்தை மைனஸாக்கி, மேலே போகப் போக ஆட்டம் குறையும்படி செய். முடிந்தால் 96,000-ல் ரெண்டர் எடு.

பின்னாளில் ஏபிள்டனின் ‘ஆபரேட்டர்’ மென்பொருளுக்கோ எஃப்எல் ஸ்டுடியோவின் சைட்ரஸுக்கோ மாறினால் விகிதங்களை அப்படியே கொண்டுபோகலாம். லெவல் எண்களைக் கொண்டுபோக முடியாது. அங்கே அளவுகோல் வேறு, காதால்தான் திரும்பப் பிடிக்க வேண்டும்.

திருத்திய ஒலிகளை ஸ்டோர் கொடுத்து, 32 இடம் உள்ள பேங்க்காகச் சேமித்து அனுப்பு. பெயர் 10 எழுத்துக்குள் இருக்கட்டும். மணியை மட்டும் தனியாக, ரிவெர்ப் இல்லாமல், 24 பிட் வேவ் கோப்பாகச் சேர்த்து அனுப்பு. தேய்வு முழுதும் அடங்கும்வரை வெட்டாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அம்மா