மதுரைக் கோட்டைக்கு ஒரு வரைபடம் போடுங்கள்: போர் நூல் பதிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். மருதநாயகம் என்ற யூசுப்கானை மதுரைக் கோட்டையில் ஆங்கிலேயக் கம்பெனிப் படை முற்றுகையிட்டதைப் பற்றி வந்திருக்கும் ஒரு நூலைப் படித்த பிறகு இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம், இந்தக் குறை உங்களில் பலருடைய நூல்களில் இருக்கிறது. அட்டையில் குதிரையும் வாளும் உண்டு. உள்ளே ஒரு வரைபடம்கூட இல்லை.

1764 ஜூன் 26 அன்று கம்பெனியின் மேஜர் கேம்பெல்லின் படை கோட்டைமீது ஏறித் தோற்றதை அந்நூல் பக்கம் பக்கமாக விவரிக்கிறது. எந்தத் திசைச் சுவரைப் பிளந்தார்கள்? பீரங்கி மேடை எவ்வளவு தொலைவில் இருந்தது? அகழியை எங்கே தாண்டினார்கள்? ஒன்றும் விளங்கவில்லை. வேறு ஊர்க் கோட்டையென்றால் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மதுரையில் அதற்கும் வழியில்லை. 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்தத் தடத்தில்தான் இன்றைய வெளிவீதிகள் ஓடுகின்றன. பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சி நிற்கும் கொத்தளத்தை நாள்தோறும் கடந்துபோகிறவருக்கு, அது கோட்டையின் எந்த மூலை என்று காட்ட முடியாத புத்தகம் எதற்கு?

வரைபடம் போடுங்கள். குறைந்தது மூன்று வேண்டும். முதலாவது, திருச்சியிலிருந்து நத்தம் கணவாய் வழியாக மதுரைக்கும் அங்கிருந்து திருநெல்வேலிக்கும் போகும் பாதைகள். இரண்டாவது, பழைய கோட்டையை இன்றைய தெருக்களின் மேல் கோடிட்டது. ஒரு சென்டிமீட்டருக்கு 125 மீட்டர் என்று வைத்தால் டெமி அளவுப் புத்தகப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். மூன்றாவது, தாக்குதல் நாளன்று யார் எங்கே நின்றார்கள் என்பது. அளவுகோல், வடக்குக் குறி, நாள் மூன்றும் ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். நூலில் வரும் ஊர்ப்பெயர் எல்லாம் படத்திலும் இருக்க வேண்டும். இதை மெய்ப்புத் திருத்தும்போதே ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். இரண்டு பக்கத்துக்கும் பரப்பிப் போட்டால் முக்கியமான இடம் நடுத்தையலுக்குள் போய் மறையும். சாம்பல் நிழல் கொடுத்தால் சாதாரணத் தாளில் அப்பிவிடும். கறுப்புக் கோடே போதும். ஆர்ட் தாள் வேண்டாம், கூடுதல் மை வேண்டாம், ஒன்றாக அச்சாகும் 16 பக்க ஃபாரத்தில் மூன்று பக்கம் ஒதுக்கினால் ஆயிற்று. செலவு கட்டாது என்ற பதிலை இனியும் ஏற்க முடியவில்லை.

வரைபடத்தை வரைய உட்கார்ந்தாலே ஆசிரியருக்குக் கேள்விகள் எழும். 1763-இல் கம்பெனியின் கர்னல் மான்சன் முற்றுகையைக் கைவிட்டது நவம்பரில். வடகிழக்குப் பருவமழையில் பதுங்குகுழி நிரம்பும், வெடிமருந்து நனையும், கனத்த பீரங்கியை இழுக்கும் மாடுகள் சேற்றில் நிற்கும். மழையை விட்டுவிட்டு வீரத்தை மட்டும் எழுதினால் அந்தப் பின்வாங்கல் புரியாது. ஜூன் தாக்குதல் தோற்றபின் கம்பெனிப் படை கோட்டையைச் சுற்றி வளைத்து உணவை அடைத்தது. அக்டோபரில் யூசுப்கானைச் சொந்த ஆட்களே பிடித்துக் கொடுத்தார்கள். 15-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். துரோகத்துக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குகிறவர்கள், அதற்கு முந்தைய மாதங்களின் பசிக்கு ஒரு பத்தி ஒதுக்குவதில்லை. காவற்படைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தானியம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் இப்படி எழுதமாட்டார்.

மருது சகோதரர்கள் கம்பெனியை எதிர்த்த 1801 காளையார்கோவில் போர் நூல்களிலும் இதே கதைதான். சிறுவயலிலிருந்து கம்பெனிப் படை காட்டை வெட்டி வழி போட முயன்று கைவிட்டதை, காடு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று காட்டாமல் எப்படி விளக்குவது? ‘ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர்’ என்ற வாக்கியம் எல்லாப் போருக்கும் ஒட்டப்படுகிறது. இறந்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் தனித்தனியே வேண்டும். அந்த எண்ணை எந்தத் தரப்பு சொன்னது, தன் இழப்பைக் குறைத்துச் சொல்ல அதற்குக் காரணம் இருந்ததா என்பதும் வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகாமல், முன்னால் வந்த நூலைப் பார்த்து அடுத்த நூலை எழுதும் பழக்கம் நம் முன்னோர் பட்ட பாட்டுக்குச் செய்யும் அவமரியாதை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். இந்நூல்களைத் தமிழில் கொண்டுவர நீங்கள் படும் சிரமம் தெரியும். மறுபதிப்பில் அந்த மூன்று வரைபடங்களையும் சேருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அவற்றைத் தனித்தாளாக அச்சிட்டு, அடுத்த தமுக்கம் புத்தகத் திருவிழாவில் உங்கள் அரங்கிலேயே கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மதுரை வாசகர்கள் சிலர்