நம் வம்சத்துச் சர்க்கரை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஹெச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண், 6.1. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறார்கள். அந்த எண்ணைவிட அதன் கீழே நீ எழுதியிருந்ததுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது: "தாத்தாவுக்கு இருந்துச்சு, உங்களுக்கு இருக்கு. நம்ம ஜீன் அப்படிப்பா, என்ன செஞ்சாலும் வரத்தான் போகுது."

ஜீனுக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்த நோயை ஒரே ஒரு ஜீன் கொண்டுவருவதில்லை. ஆபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் மரபணு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அதில் சிலவற்றை நான் உனக்குக் கொடுத்திருப்பேன். ஆனால் கூடவே வேறு சிலதும் கொடுத்தேனே, அவற்றை நீ கணக்கில் சேர்க்கவில்லை. மத்தியானம் குவித்துப் போட்ட வெள்ளைச் சோறு, நாலு மணிக் காபியில் இரண்டு கரண்டி சர்க்கரை, தெருமுனைக் கடைக்குப் போகக்கூட வண்டி. தாத்தா, நான், நீ மூன்று பேருக்கும் இதெல்லாமும் பொதுதானே? ரத்தத்தில் வந்ததா, அடுப்படியில் வந்ததா என்று ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. (பூட்டனுக்குச் சர்க்கரையே கிடையாது என்று உன் அத்தை சொல்லுவாள். அந்தக் காலத்தில் யார் சோதித்துப் பார்த்தார்கள்?)

பிரித்துப் பார்க்க, ஒரே வம்சம் இரண்டு விதமாக வாழ்ந்திருக்க வேண்டும். அப்படியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனாப் பக்கம் பிமா என்ற பழங்குடியினர், ஹீலா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் பீன்ஸும் விளைவித்து வாழ்ந்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்து பஞ்சம் வந்தது. பிறகு அரசு கொடுத்த வெள்ளை மாவு, பன்றிக் கொழுப்பு என்று சாப்பாடே மாறிப்போனது. அவர்களுக்கு மரபணுவில் நெருங்கிய சொந்தமான இன்னொரு கூட்டம் மெக்சிகோவில், மைகோபா என்ற மலைக் கிராமத்தில் இருக்கிறது. அங்கே உடம்பால் செய்யும் விவசாயம், போக வர நடை.

இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மெக்சிகோ பிமாக்களில் சர்க்கரை நோய் 6.9 சதவீதம். அரிசோனாவில் 38. அரிசோனாக்காரர்களின் ஜீனைத்தான் வருடக்கணக்காகக் குடைந்து குடைந்து ஆராய்ந்தார்கள். ஆற்றை மறித்தது ஜீனா?

சரி, அது எங்கோ நடந்தது என்பாய். சென்னையிலேயே பார். உன்னைப் போல எல்லையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு, அதுவும் 2006-இல்தான் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினமும் அரை மணி நேர வேக நடை, சாப்பாட்டில் மாற்றம் என்று தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 சதவீதம். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இந்த 39-ஐ நான் மறைக்க மாட்டேன். நடந்தும், வாயைக் கட்டியும் அவர்களுக்கு வந்திருக்கிறது. அதனால் நாளைக்கு உனக்கு வந்துவிட்டால் "ஒழுங்காக இருக்கவில்லை" என்று யாரும் உன்னைக் குற்றம் சொல்ல விடாதே, என்னையும் சேர்த்துத்தான். ராத்திரி பதினொரு மணிக்கு அமெரிக்காக்காரனோடு மீட்டிங் வைக்கும் வேலை நீ ஆசைப்பட்டு வாங்கியது இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் பிரியாணி ஆர்டர் போடுவது மட்டும் உன் கையில் இருக்கிறது.

பாப்பாவுக்குப் போக வேண்டிய ஜீன் எல்லாம் போயாகிவிட்டது. அவள் தட்டில் என்ன விழுகிறது என்பது இன்னும் நீங்கள் இரண்டு பேரும் தினமும் முடிவு செய்வது. உன் அம்மா கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் பார்சல் போட்டிருக்கிறாள். சோற்றைக் குறைத்து அதைக் கூட்டு.

இடுப்பை டேப் வைத்து அளந்து பார். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி என்பதால் அடுத்த வாரமே ஓடிப்போய் மறுபடி எடுக்காதே. பொங்கலுக்கு ஊருக்கு வருவதற்கு முன்னால் எடு, என்னுடையதையும் அதே வாரத்தில் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா