ஞாயிறு ஏரி சைக்கிள் சுற்று: பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

வரும் 15-ஆம் தேதி ஞாயிறு காலை 6.30 மணிக்குப் பிள்ளைகளோடு கொடைக்கானல் ஏரியைச் சைக்கிளில் சுற்றுகிறோம். படகுத்துறை முன்பு கூடுவோம். சுற்று சுமார் 5 கி.மீ.

நெரிசலைக் குறைக்க வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) வந்துவிட்டது. ஆனால் காலையில் பள்ளி வாசலை அடைத்து நிற்பவை நம் கார்கள்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. மேட்டில் முதல் கியரில் ஏறும்போது பெட்ரோல் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். பிள்ளைகளை ஒரே வண்டியில் சேர்த்துப் பள்ளிக்கு அனுப்புவது பற்றி அன்றே பேசி முடிப்போம்.

1. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம்.

2. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் சனிக்கிழமைக்குள் மாற்றுங்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் தலைகுப்புற விழ நேரும். இரண்டையும் விட்டு விட்டுப் பிடிக்கப் பழக்குங்கள்.

3. ஹெல்மெட், ஸ்வெட்டர், பின்பக்கச் சிவப்பு விளக்கு. பனிமூட்டம் இருக்கும்.

4. மூஞ்சிக்கல், நாயுடுபுரம் பக்கத்தினர் ஒரே ஜீப்பில் வாருங்கள். தனித்தனிக் காரில் வந்து சைக்கிள் ஓட்டுவதில் அர்த்தமில்லை!

5. வாடகை சைக்கிள் எத்தனை வேண்டும் என்று வெள்ளி இரவு 8 மணிக்குள் எழுதுங்கள். எண்ணிக்கை தெரிந்தால்தான் கடையில் விலை பேச முடியும். எண்ணிக்கை எழுதாமல் கட்டைவிரல் குறி (👍) மட்டும் போட்டால் கணக்கில் சேராது.