திருநாளின் பெயரை விளக்குங்கள்: மறையுரையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அருள்தந்தையர்களே, திருவழிபாட்டுக் குழுக்களில் உழைக்கும் சகோதர சகோதரிகளே,

திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறன்று, கிறிஸ்து அரசர் பெருவிழாவில், "கிறிஸ்து அரசர் வாழ்க" என்று உரக்கப் பாடுகிறோம். அவர் எப்படிப்பட்ட அரசர் என்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு திருநாள் ஆண்டவரையோ அவருடைய தாயையோ ஒரு பட்டம் சொல்லி அழைக்கும்போது, அன்றைய மறையுரையில், அதாவது திருப்பலிப் பிரசங்கத்தில், அந்தப் பட்டத்துக்கு முதல் இடம் கொடுங்கள்.

கிறிஸ்து அரசர் பெருவிழா அவ்வளவு பழையது அல்ல. 1925இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் ஏற்படுத்தியது. முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யா என முடியாட்சிகள் சரிந்திருந்தன. இத்தாலியில் முசோலினி ஆட்சியில் இருந்தார். மனிதரின் முழு விசுவாசத்தையும் அரசுகள் தங்களுக்கே கேட்ட நேரத்தில், அது கிறிஸ்துவுக்கு உரியது என்று திருச்சபை அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், 1927இல், மெக்சிகோவில் இயேசு சபைக் குரு மிகேல் புரோ "கிறிஸ்து அரசர் வாழ்க" என்று சொல்லியபடி துப்பாக்கிகளுக்கு முன் நின்று இறந்தார். நாம் பாடும் அதே வரி! இளையோருக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

மூன்று ஆண்டுச் சுழற்சியில் அன்று வாசிக்கும் நற்செய்திகளைப் பாருங்கள். முதலாம் ஆண்டில் அரியணை உண்டு, ஆனால் அதில் இருப்பவர் "நான் பசியாய் இருந்தேன்" என்கிறார். இரண்டாம் ஆண்டில் கைதியாகப் பிலாத்தின் முன் நிற்கிறார். மூன்றாம் ஆண்டில் சிலுவையில் தொங்குகிறார். அங்கே அவருடைய ஆட்சியை நம்பிக் கேட்பவர் கூடத் தொங்கும் குற்றவாளி ஒருவர் மட்டுமே. இந்த மூன்றையும் விட்டுவிட்டு மகுடத்தையும் செங்கோலையும் பற்றி மட்டும் பேசினால், மக்கள் மனதில் பதிவது வேறு யாரோ ஓர் அரசர்.

ஜனவரி 1 இன்னும் வருத்தம் தருகிறது. அது மரியா இறைவனின் தாய் பெருவிழா. ஆனால் புத்தாண்டு வாழ்த்திலேயே நேரம் போய்விடுகிறது. 431இல் ஆயர்கள் கூடிய எபேசு பொதுச்சங்கம் இந்தப் பட்டத்தை உறுதிசெய்தது மரியாவைப் பெருமைப்படுத்த மட்டும் அல்ல. கிறிஸ்துவின் தாய் என்றால் போதும் என்றார் கான்ஸ்தாந்திநோபிளின் ஆயர் நெஸ்தோரியு. அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் விடவில்லை: மரியாவிடம் பிறந்தவர் கடவுளே இல்லையென்றால் நம் மீட்பு என்னாவது? ஆக, இந்தப் பட்டம் மகனைப் பற்றிய அறிக்கை. இதை விளக்காமல் விட்டால், மரியாவை நாம் கடவுளாக்குவதாகப் பிறர் சொல்லும்போது நம் பிள்ளைகளிடம் பதில் இருக்காது.

நல்லாயன் ஞாயிறும் அப்படித்தான். குருத்துவத்துக்கும் துறவறத்துக்குமான இறையழைத்தலுக்காக அன்று செபிப்பது தேவைதான், சரி. ஆடுகளுக்காக உயிரைக் கொடுக்கும் ஆயனைப் பற்றியும் கேட்க ஆசைப்படுகிறோம்.

அப்புறம், டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் மெசியாவை ஏழு பட்டங்களால் அழைக்கிறோம்: ஞானமே, தாவீதின் திறவுகோலே, இம்மானுவேலே என்று. அந்த நாள்களின் திருப்பலியில் நற்செய்திக்கு முன் வரும் அல்லேலூயா வசனத்திலும் இவை வருகின்றன, யாரும் கவனிக்கும் முன்பே கடந்துவிடுகின்றன. கிறிஸ்து பிறப்புக்குத் தயாரிக்கும் வருகிற திருவருகைக் காலத்தில் அந்த வசனத்தை நிறுத்தி, நிதானமாக வாசியுங்கள். அன்றன்றைய பட்டத்துக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். மறைக்கல்வி வகுப்பிலும் அதையே பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
இறைமக்களில் ஒருத்தி